நானூற்று இருபத்தேழாம் நம்பர் பாலை மரம்

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. காலில் சுடுதண்ணியை ஊத்திக்கொண்டவள் என்று வீட்டில் சொல்வார்கள். திண்டிவனத்தில் பஸ் ஏறி விழுப்புரம் போய்ச் சேருவதற்குள் நாலு தடவை பையைத் திறந்து பார்ப்பேன். டேப் இருக்கிறதா, நோட்டு இருக்கிறதா, பென்சில் இருக்கிறதா. இருக்கும், எங்கே போகும்? ஆனாலும் பார்ப்பேன். ஒருமுறை பக்கத்தில் இருந்த அம்மா, "பணமா வச்சிருக்கீங்க?" என்று கேட்டே விட்டார். "இல்லைங்க, மரம்" என்றேன். அந்த அம்மா அதற்கப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பொய்யில்லை. அப்போது என் வேலை மரம் எண்ணுவது. அதற்கு முன்னால் காலேஜில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தேன். வருஷத்துக்கு ஒருமுறை இருக்கிறாயா போகிறாயா என்று கேட்கிற வேலை. ஒரு வருஷம் அவர்கள் கேட்பதற்கு முன்னால் நானே போகிறேன் என்று வந்துவிட்டேன். கோபத்தில் எடுத்த முடிவுதான். என் முடிவுகளில் பாதி அப்படித்தான் எடுத்தது.

கெடாரைத் தாண்டி ஒரு ரோடு போகிறது. அதை ஒட்டி ஒரு காப்புக்காடு. காடு என்றதும் யானை, அருவி என்று நினைத்துவிடாதீர்கள். அரைமணி நேரம் நேராக நடந்தால் அந்தப் பக்கம் வெளியே வந்துவிடலாம், பனமலைக் கோயில் தெரியும். உள்ளே போனால் சட்டை கிழியும், கை கால் கீறும். ஆனால் அது இலை உதிர்க்காத காடு. சித்திரை வெயிலில் சுற்றிலும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லைகள் கருகிக் கிடக்கும்போது அது மட்டும் கரும்பச்சையாக நிற்கும். அந்த ரோட்டை அகலமாக்கப் போகிறார்கள் என்றும், ஓரத்து மரங்களுக்குக் கணக்கும் மதிப்பும் எடுக்க ஆள் வேண்டும் என்றும் விழுப்புரத்தில் ஒரு ஆபீசில் சொன்னார்கள். மூன்று மாத ஒப்பந்தம். தை மாதம் ஆரம்பித்தேன்.

காட்டுக்குள் ஒரு தூரம் வரைக்கும் நைலான் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் இருப்பதெல்லாம் ரோட்டுக்குப் போகும். ஒவ்வொரு மரத்தையும் அளக்க வேண்டும், சாதி எழுத வேண்டும். சாதி என்றால் மரத்தின் சாதி, ஆபீஸ் படிவத்தில் அப்படித்தான் போட்டிருக்கும், எழுதும்போதெல்லாம் எனக்குக் கை கூசும். அப்புறம் விலை மதிப்பு. கடைசியாக மரத்தின் மேல் வெள்ளை பெயிண்டில் நம்பர். எங்கள் பக்கத்தில் மரத்தில் நம்பர் இருந்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். ரோடு போட்ட காலத்தில் புளியமரங்கள் எல்லாம் நம்பரோடு நின்று நம்பரோடு சாய்ந்ததை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஒருவர் வேண்டும். பக்கத்து ஊர்க் காலனியிலிருந்து ஒரு அக்கா வந்தார். என்னைவிட நாலைந்து வயசு பெரியவர். நாற்று நட, மல்லாட்டை பிடுங்க என்று கூலிக்குப் போகிறவர். திங்கள் முதல் சனி வரை வருவார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில். நான் அக்கா என்று கூப்பிடுவேன், அவர் என்னை மேடம் என்பார். வேண்டாம் என்று எத்தனை தடவை சொன்னாலும் மேடம்தான். கோபம் வந்தால் மட்டும் "யம்மா" என்பார்.

மரத்தை நெஞ்சு உயரத்தில் அளக்க வேண்டும் என்பது விதி. முதல் நாள் அதைச் சொன்னதும், "யாரு நெஞ்சு மேடம்?" என்று கேட்டார். அவர் குள்ளம், என் நெஞ்சு அவர் நெற்றிக்கு வரும். நான் ஒரு குச்சியை வெட்டி, அதில் கோடு போட்டு, "இதுதான் நெஞ்சு" என்றேன். அன்றிலிருந்து அந்தக் குச்சிக்கு சர்க்கார் நெஞ்சு என்று பேர் வைத்துவிட்டார். "மேடம், சர்க்கார் நெஞ்ச எங்க வச்சீங்க?" என்று காட்டுக்குள்ளிருந்து சத்தம் வரும்.

அவருக்கு மரங்களை அடுப்பை வைத்தும் வயிற்றை வைத்தும் தெரியும். உசிலை நின்று எரியும். வெப்பாலை சட்டென்று எரிந்து போய்விடும். வக்கணை புகையும், ஆனால் தணல் நிற்கும். "அத வெட்னா கத்தி மழுங்கிப்புடும், அதால அத வுட்டுருவோம்" என்பார். எனக்கு லத்தீன் பேர் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு மரம் முழுசாக நோட்டில் ஏறும்.

மதிப்புப் போடுகிற இடத்தில்தான் எனக்கு வயிறு எரியும். கணக்கு சுலபம்தான். சுற்றளவை நாலாக வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, மரத்தின் உயரத்தாலும் பெருக்கினால் கன அளவு. அதற்கு விலை. ஆனால் விலை இருப்பது படிவத்தில் இருக்கிற ஏழெட்டு மரங்களுக்குத்தான். தேக்கு, வேம்பு, புளி, வாகை, இந்த மாதிரி. மற்றதெல்லாம் "இதர" என்ற ஒரே வரிசையில் போய் விழும். இதர என்றால் விறகு. இந்தக் காட்டில் தேக்கு கிடையாது. முக்கால்வாசி மரம் இதரதான். காசா மரம் தொடை அளவு பருக்க ஒரு மனுஷ ஆயுசு போதாது. நான் அதை அளந்து, எழுதி, பக்கத்தில் விறகு என்று போட வேண்டும். ஒரு நாள் பென்சிலைத் தூக்கி எறிந்துவிட்டேன். அக்கா போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்து, "வெறகுன்னா என்னா மேடம் கொறச்சலு? வெறகு இல்லாம ஒரு நாள் ஆக்கிப் பாருங்க" என்றார். பென்சிலை வாங்கி விறகு என்று எழுதினேன்.

ஆனால் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம், உள்காட்டில், யாரும் கேட்காத ஒரு கணக்கை நானே ஆரம்பித்தேன். சின்னச் சின்னக் கட்டமாகக் கயிறு போட்டு, அதற்குள் எத்தனை வகை மரம் என்று எண்ணுவது. விறகு என்று எழுதுகிற இந்தக் காட்டில் எத்தனை விதம் இருக்கிறது பாருங்கள் என்று ஆபீசில் ஒரு அறிக்கையாகக் கொண்டுபோய்ப் போட வேண்டும் என்று திட்டம். உண்மையைச் சொன்னால் அதில் கொஞ்சம் என் பெருமையும் இருந்தது. காலேஜில் என்னைப் போகவிட்டவர்கள் அதைப் படிக்க வேண்டும் என்று நினைத்தேன். ரோட்டோர மரங்கள் நானூற்றுப் பன்னிரண்டில் முடிந்தன. ஒரு நம்பர் இரண்டு மரத்துக்கு வரக் கூடாது என்று எனக்கு ஊறிப்போன பழக்கம். அதனால் உள்காட்டில் பருத்த மரங்களுக்கு நானூற்றுப் பதிமூன்றிலிருந்து போட்டேன், அதே பெயிண்டால், அதே எழுத்தில்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் அக்கா, "வாங்க மேடம், ஒண்ணு காட்றேன்" என்று முள்ளை விலக்கிக்கொண்டு உள்ளே கூட்டிப்போனார். ஒரு பாலை மரம். அந்தக் காட்டில் அப்படி ஒன்று இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிராக நின்று கட்டிப்பிடித்தால் விரல் நுனி தொட்டுக்கொள்ளும், அவ்வளவு பருமன். மேலே கிளை முழுக்கப் பொடிப் பூ.

"இந்த வருஷம் நல்லாப் புடிச்சிருக்குது" என்றார் அக்கா. "வைகாசியில பழுத்துரும். வுடியங்காட்டி வந்து பறிச்சிக்கினு, மொத பஸ்ஸு புடிச்சி விழுப்புரம் பஸ்டாண்டுல வச்சா பத்து மணிக்குள்ள காலி. டம்ளர் கணக்குல குடுப்பேன். ஸ்கூல் தொறக்கச்சே பசங்களுக்கு யூனிபாரம், நோட்டு, பஸ்சு, அல்லாம் இது தலையிலதான் மேடம். கூலிக் காசு கடைக்கே போயிருது. இந்த மரம் இல்லன்னா நான் வட்டிக்குத்தான் போவணும்." காடு காக்கிற வாட்சருக்கு ஒரு டம்ளர் பழம் கொடுத்துவிடுவாராம், அவரும் கண்டுகொள்ள மாட்டாராம். "ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. உங்களாண்ட மட்டும்தான் சொல்றேன்."

நான் அதைக் காதில் வாங்கினேனா என்று எனக்கே சந்தேகம். டேப்பை எடுத்துச் சுற்றி அளந்துகொண்டிருந்தேன். நான் எடுத்த மொத்தக் கணக்கிலேயே பெரிய சுற்று அதுதான். பிரஷ்ஷை எடுத்து நம்பர் போட ஆரம்பித்தேன்.

"யம்மா, நம்பரு எதுக்கு?" என்றார்.

"கணக்குக்குக்கா."

"நம்பரு போட்டா வெட்டிருவான்."

"அது ரோட்டோரம். இது உள்ளே. இது காப்பாத்துறதுக்குப் போடுற கணக்கு. வேற நோட்டு, பாருங்க." நோட்டைக் காட்டினேன். அவர் நோட்டைப் பார்க்கவில்லை, மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "படிச்சவங்க சொல்றீங்க" என்றார். நான் 427 என்று பெரிசாக எழுதி, பூமத்தியரேகை மாதிரி ஒரு கோடும் போட்டேன். நல்ல எனாமல் பெயிண்ட், லேசில் போகாது என்று கடைக்காரர் சொல்லித் தந்தது.

பாலைக்கு விலை என்ன என்று படிவத்தில் இல்லை. தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாதே எனக்கு. திண்டிவனத்தில் ஒரு மரவாடிக்குப் போய்க் கேட்டேன். அங்கே இருந்தவர் ரம்பத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாலையா? உலக்கைக்கு, செக்குக்கு அதுதாங்க. இப்ப எங்க கெடைக்குது? சுத்து என்னா வரும்?" சொன்னேன். ஒரு விலை சொன்னார். எனக்குக் குளிர்ந்துவிட்டது. விறகு என்று எழுதிய காட்டில் இப்படி ஒரு மரம். "எங்கங்க இருக்குது?" என்று கேட்டார். அதைச் சொல்லவில்லை, அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. ஆனால் விலையைக் குறித்துக்கொண்டு வந்து நோட்டில் எழுதினேன், அடிக்கோடும் போட்டேன்.

மாசி கடைசியில் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். மேலே ரோட்டு மரங்கள். அதற்குக் கீழே ஒரு வரி, "உள்காடு, வகை எண்ணிக்கைக்கு மட்டும், வெட்டக் கூடாது." அதற்குக் கீழே உள்காட்டு மரங்கள். பத்திரமாகத்தான் செய்தேன். கொடுக்கிற அன்றைக்கு, எந்த மரத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று மேலிருந்து கீழாக வந்தால் பார்க்க நன்றாக இருக்குமே என்று மதிப்பை வைத்து ஒரு தட்டுத் தட்டி வரிசைப்படுத்தினேன். 427 முதலிடத்துக்கு ஏறியது. நான் போட்ட அந்த ஒரு வரிக்கு மதிப்பு ஏதும் இல்லை அல்லவா, அது எல்லாவற்றுக்கும் அடியில் போய், பிரிண்ட் எடுத்தபோது கடைசிப் பக்கத்தில் தனியாக நின்றது. கடைசிப் பக்கத்தை யார் பார்க்கிறார்கள். நானும் பார்க்கவில்லை.

இது எனக்குத் தெரிய வந்தது பங்குனியில், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். பாக்கிச் சம்பளம் கேட்க விழுப்புரம் ஆபீசுக்குப் போயிருந்தேன். மேசை மேல் உத்தரவு ஒன்று கிடந்தது. அடுத்தவர் மேசையில் இருக்கிற காகிதத்தைத் தலைகீழாகப் படிப்பது என் கெட்ட பழக்கம். ஏலம் முடிந்து, திங்கட்கிழமை முதல் மரம் வெட்ட அனுமதி, நம்பர் 1 முதல் 431 வரை. 412 என்றல்லவா இருக்க வேண்டும்?

அதிகாரி நல்ல மனுஷர், அதைச் சொல்ல வேண்டும். நான் படபடவென்று சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு லிஸ்டை எடுத்துப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் அந்த வரி அனாதையாக நின்றது. "நம்பர் போட்டது யாரு மேடம்?"

"நான்தான் சார்."

"லிஸ்ட் போட்டது?"

"நான்தான்."

"உள்காட்டு மரம் வெட்டுற கணக்குல இல்லன்னு திருவாமாத்தூர் வட்டப்பாறையில வந்து சத்தியம் பண்ணுவீங்களா?" என்றார், பாதி விளையாட்டாக. பொய்ச் சத்தியத்தைச் சும்மா விடாது என்று எங்கள் பக்கம் நம்புகிற பாறை அது. பண்ணுகிறேன் சார் என்றேன், விளையாட்டாக இல்லை. அவர் பெருமூச்சு விட்டார். "எழுதிக் குடுங்க, மேல அனுப்புறேன். பதினைஞ்சு நாள் ஆவும். ஏலம் எடுத்தவன் லிஸ்ட்ல மொதல் நம்பரப் பாத்துதான் எடுத்திருக்கான். அந்தப் பாலைக்கு நீங்க போட்டிருக்கிற மதிப்பு அப்படி. அத வுடுன்னா வுடுவானா?" எப்போதும் ஆமையாக நகர்கிற ஃபைல் இந்தத் தடவை மட்டும் ஓடியிருக்கிறது. எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து, ஆபீஸ் வாசலிலும் தெருவிலும் அங்குமிங்கும் நடந்தேன். அன்றைக்குத் திண்டிவனம் பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன்.

சனிக்கிழமை காலையில் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். சொன்னேன். என்ன சொல்வாரோ என்று பயந்துகொண்டுதான் போனேன், அதைவிடக் கடுமையாகத்தான் சொன்னார். "நான் அன்னிக்கே சொன்னேன் யம்மா. நம்பரு போட்டா வெட்டிருவான்னு சொன்னேன். நோட்டக் காட்டினியே, அந்த நோட்டு இப்ப என்னா பண்ணிக்கினு இருக்குது?" அவருடைய பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு அழுகை வந்தது, வெட்கமாகவும் இருந்தது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஜல்தி வா, நின்னுக்கினு இருந்தா ஆவாது" என்று அரிவாளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

உள்காட்டில் நம்பர் போட்ட மற்ற மரங்களில் சேற்றைப் பூசி மறைத்தோம். விறகு மரத்துக்காக அவர்கள் முள்ளுக்குள் வர மாட்டார்கள் என்பது அக்காவின் கணக்கு. பாலையை என்ன செய்வது? அரிவாளால் சுரண்டினால் பட்டையோடு வருகிறது. பட்டை பெயர்ந்த இடத்தில் பால் கசிந்தது. "நிறுத்துக்கா" என்றேன். அப்படியே மறைத்தாலும் இவ்வளவு பெரிய மரத்தை எங்கே மறைப்பது? லிஸ்டில் முதல் நம்பர். தேடிக்கொண்டு வருவான்.

அக்கா அரிவாளைக் கீழே போட்டுவிட்டு மரத்தடியில் உட்கார்ந்தார். அங்கிருந்தே, "கெடார் கடையில மஞ்சத் துணி, மஞ்சத்தூளு, குங்குமம், எலுமிச்சம்பழம் வாங்கியா" என்றார்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. துணி கட்டிய மரத்தில் எங்கள் பக்கத்தில் யாரும் கை வைக்க மாட்டார்கள். ஏலம் எடுத்த கான்ட்ராக்டர் சொன்னாலும் வெட்டுகிற ஆள் வெட்ட மாட்டான்.

"உங்களுக்கு இதுல..." என்று இழுத்தேன்.

"மாதா கோச்சிக்க மாட்டா. அவளும் பிள்ள பெத்தவதான். நீ போ."

நானும் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை. எப்படிக் கட்ட வேண்டும், எங்கே வைக்க வேண்டும், இரண்டு பேருக்கும் சரியாகத் தெரியாது. முதலில் குங்குமத்தை வைத்துவிட்டு அதன் மேல் மஞ்சளைப் பூசினோம், அது சிவப்பு மஞ்சளாகக் குழம்பிவிட்டது. "மஞ்ச முன்னாடி மேடம், நான் நடவுக்குப் போற ஊட்ல பாத்திருக்கேன்" என்று அழித்துவிட்டு மறுபடி பூசினார். கோபம் போய் மேடம் திரும்பி வந்திருந்தது. துணியை அவர்தான் கட்டினார். சரியாக 427-க்கு மேல், கோடும் தெரியாதபடி, மூன்று சுற்றுச் சுற்றி, கெட்டியாக மூன்று முடிச்சு. கீழே மூன்று கல்லை நட்டு எலுமிச்சம்பழத்தை வெட்டி வைத்தோம். பார்த்தால் எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை ஆட்கள் வந்தார்கள். நான் விடிந்ததும் போய் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். ரோட்டோரம் மளமளவென்று சாய்ந்தது. சேறு பூசியதில் இரண்டு வக்கணை தப்பவில்லை, வழியில் நிற்கிறது என்று வெட்டிவிட்டார்கள். அந்த இரண்டும் என் கணக்குதான். மேஸ்திரி லிஸ்டைப் பார்த்துக்கொண்டு, மூன்று ஆளும் மெஷின் ரம்பமுமாக உள்ளே போனார். நானும் பின்னாலேயே போனேன். மரத்தைப் பார்த்ததும் மேஸ்திரி நின்றார். செருப்பைக் கழற்றினார். ரம்பத்தை வைத்திருந்தவர் அதைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனார்.

"இது யாரு சாமி?" என்று மேஸ்திரி என்னைக் கேட்டார். வேடிக்கை பார்க்க வந்திருந்த ஊர்த்தெரு ஆள் ஒருவர் முன்னால் வந்து கும்பிட்டார். "எங்க ஊரு எல்லையம்மாங்க. எங்க தாத்தா காலத்துல இந்தக் காட்டுக்குள்ள இருந்தா, எங்கன்னு தெரியாமப் போச்சு. பாருங்க, அவளே காட்டிக்கினா." அவர் கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை, நிஜமாகவே கலங்கியிருந்தது. கான்ட்ராக்டர் போனில் கத்தினார். மேஸ்திரி, "வேற ஆள அனுப்பிக்குங்க" என்று வைத்துவிட்டார். நான் ரோட்டுக்கு ஓடிவந்தேன். அக்கா வரப்பில் நின்றுகொண்டிருந்தார். தலையை ஆட்டினேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த வருஷம் நான் சந்தோஷமாக இருந்த ஒரே நாள் அது.

வைகாசி முடியப்போகிற சமயம், ஒரு வேலையாக விழுப்புரம் போனேன். பஸ் ஸ்டாண்டில் அக்காவைத் தேடினேன். ஒரு டம்ளர் பழம் வாங்கித் தின்ன வேண்டும் என்று திண்டிவனத்திலிருந்தே ஆசை. வாசல், உள்பக்கம், டீக்கடைப் பக்கம், எங்கேயும் இல்லை. பனங்காய் வெட்டிக்கொண்டிருந்த அம்மாவைக் கேட்டேன். "பாலப்பழம் விக்கிறவங்களா? இந்த வருஷம் வர்லியே" என்றார். அதற்கு மேல் நிற்க முடியுமா என்னால்? வந்த வேலையை விட்டுவிட்டுக் கெடார் பஸ்ஸில் ஏறினேன்.

ரோட்டிலிருந்து காட்டுக்குள் அகலமாக வழி வெட்டியிருந்தார்கள். முள் இல்லை, காசா இல்லை, குருந்து இல்லை. நான் கட்டம் போட்டு எண்ணிய இடம் அதுதான். இரண்டு குச்சி மட்டும் தரையில் கிடந்தது. பாலை மரத்தைச் சுற்றி சிமெண்டு மேடை, மேலே தகர ஷெட், ஓரத்தில் உண்டியல். மரத்தில் துணி மேல் துணியாக, பட்டுத் துணி வரைக்கும் சுற்றியிருந்தார்கள். மேடை முழுக்க மஞ்சளாகப் பழம் கொட்டிக் கிடந்தது. அன்றைக்குக் கண் கலங்கியவர்தான் விளக்குமாற்றால் பெருக்கிக் குவித்துக்கொண்டிருந்தார்.

என்னை அவருக்கு அடையாளம் தெரிந்தது. "வாங்க மேடம், செருப்ப அங்க வுட்டுட்டு வாங்க" என்றார். பழத்தை யார் பறிக்கிறார்கள் என்று கேட்டேன். "யாரையும் வுடறது இல்லிங்க. காலனியிலேருந்து ஒண்ணு மரம் ஏற வந்துது. இது இப்பக் கோயிலு, உள்ள வராதன்னு சொல்லிட்டோம். சுத்தம்னு ஒண்ணு இருக்குதில்ல." சாதாரணமாகச் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என்னை யார் என்ன என்று கேட்காமல் உள்ளே விட்டவர். ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். இந்தக் கோயிலைக் கட்டியதே அந்தக் கைதான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் துணியை அவிழ்ப்பார்கள், அவிழ்த்தால் மரம் போய்விடும். வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவர் இரண்டு கை நிறையப் பழத்தை அள்ளி, பிரசாதம் என்று என் துப்பட்டாவில் போட்டார்.

அக்கா ரோட்டுக்கு அந்தப் பக்கம், கேப்பைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வரப்புக்கு வந்தார். துப்பட்டாவை விரித்துக் காட்டினேன். அவர் ஒன்றை எடுத்து வாயில் போட்டு, கொட்டையைத் துப்பினார்.

"தரையில வுழுந்தது. இத வுழ வுடக் கூடாது, அதுக்கு முன்னாடி பறிக்கணும்" என்றார். இன்னொன்று எடுக்கவில்லை.

"ஸ்கூலுக்கு என்ன பண்ணீங்க?"

"வட்டிக்கு." களைக்கொத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "அந்தத் துணிய நான்தான மேடம் கட்டினேன். என் கையால மூணு முடிச்சுப் போட்டேன். ஒருநா ஆளு இல்லாதப்போ போயி அவுத்துடலாமான்னு இருக்குது."

"அவுக்காதீங்கக்கா. ஏலம் எடுத்தவன் இன்னும் ஆபீசுக்கு வந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கான். நான் எழுதிக் குடுத்தது இன்னும் மேலேயே போகல. துணிக்கு அடியில நம்பர் அப்படியே இருக்கு."

பழத்தின் பால் அவர் உதட்டில் ஒட்டியிருந்தது. புறங்கையால் அதைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"அது யாரு போட்ட நம்பரு மேடம்?" என்று கேட்டார்.